உங்கள் தம்பியின் படகு ஏன் இடப்பக்கம் போகிறது

அன்புள்ள அண்ணிக்கு,

"என் தம்பியை எந்தத் தைரியத்துல தனியா தண்ணியில விட்டே?" என்று போனில் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன், தேடியும் பார்த்தேன். அப்படி ஒரு தைரியம் இந்த வீட்டின் எந்த அலமாரியிலும் இல்லை. மற்றபடி இங்கே இருவரும் நலம் என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். எழுதுவதற்கு முன் ஒரு தடவை எழுந்துபோய் முன்னறையை எட்டிப் பார்த்தேன். உங்கள் தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு ஸ்குரூவைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆகவே நலம்தான். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அண்ணனின் இருமலும் இந்தக் கடிதம் வருவதற்குள் விலகியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் முடிவே எடுத்துவிடுகிறீர்கள். போன தடவை "அவர் படகை விற்கலாமான்னு..." என்றுதான் ஆரம்பித்தேன். "அதானே, இந்த வயசுல என்ன படகு" என்று சொல்லி, உங்கள் அலுவலக நண்பர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து படகை ஏற்றிக்கொண்டு போகும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மூச்சு விட்டீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச வசதி இல்லை. தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டு அந்த நண்பரைக் கூப்பிடுங்கள்.

கண் டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, இனி வண்டி ஓட்டக் கூடாது, ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் கூடாது. இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் வைத்துக்கொண்டு, ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து நடுங்குகிறவர்களையெல்லாம் ரோட்டில் இறக்கிவிட்ட மனிதர். நீங்களே வாயாடி என்று பெயர் வைத்த தம்பி. அவர் அன்றிலிருந்து பேசுவதை நிறுத்திவிட்டார். கோபமெல்லாம் இல்லை. கேட்டால் "சரி" என்பார். சாப்பாட்டில் உப்பு போதுமா என்றால் "சரி." கதவைச் சாத்தட்டுமா என்றால் "சரி." கண் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை, "அது" என்பார், அதுவும் டாக்டரிடம் மட்டும். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது தப்பாகத் திரும்பினால் அவருடைய வலது கால் மட்டும் தானாகத் தரையை அழுத்தும். அதைப் பார்க்க எனக்குத்தான் முடியவில்லை.

இந்த நிலையில்தான் பின் தெருவில் வீடு மாறிப் போகிறவர் ஒருவர் மீன்பிடிக் கயாக் படகு ஒன்றை விற்றார். நீங்கள் போட்டோவில் பார்த்தீர்களே, "குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கு" என்றீர்களே, அதுதான். ஒருவர் உட்கார உயரமான சீட், தூண்டில்களைச் செருகி வைக்க நாலைந்து குழிகள், மற்ற கயாக்குகளைவிட அகலமான உடம்பு. உங்கள் தம்பி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு லைசன்ஸ் கேக்க மாட்டாங்க" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. நான் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிவிட்டேன். நீங்களாக இருந்தாலும் வாங்கியிருப்பீர்கள் அண்ணி, குளிக்கிற தொட்டி என்று சொல்லிக்கொண்டே வாங்கியிருப்பீர்கள்.

ஆனால் படகு நேராகப் போகவில்லை. எங்கள் ஏரியின் எதிர்க்கரையில் மரங்கள் சாய்ந்து நிற்கிற இடத்தில்தான் மீன் கிடைக்குமாம். அதை நோக்கிக் கிளம்புவார். கொஞ்ச தூரத்திலேயே படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் திருப்பித் திருப்பித் துடுப்புப் போட்டு நேராக்குவார். மறுபடியும் இடப்பக்கம். பாதி ஏரி போவதற்குள் தோள் ஓய்ந்து திரும்பி வந்துவிடுவார். ஒருநாள் படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, மிதவைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், "வித்துடலாம்மா" என்றார். ஏன் என்றேன். "இடப்பக்கமே போகுது. அதனாலதான்" என்றார். அந்த "அது" எது என்று எனக்குத் தெரியும். இடப்பக்கக் கரை கண்ணில் படுவதில்லை, அதனால் தன்னையறியாமல் அந்தப் பக்கமே ஒதுங்குகிறோம், இனி தண்ணீரில்கூட நமக்கு இடமில்லை என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து நேராக ஜன்னலோர நாற்காலிக்குப் போனார். உங்களுக்கு நான் போன் செய்தது அன்றுதான்.

எனக்கு ஒரு விஷயத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து நம்பிப் பழக்கமில்லை. மருந்து ஆய்வகத்தில் இத்தனை காலம் வேலை பார்த்ததில் கற்றது அதுதான். கரையில் காவலுக்கு நிற்கிறவள் நான். போகும்போது படகு இடப்பக்கம் திரும்பியதை நானும் பார்த்தேன். ஆனால் வரும்போது வலப்பக்கம் அல்லவா திரும்பியது? கோளாறு கண்ணில் என்றால் போனாலும் வந்தாலும் இடப்பக்கம்தானே போக வேண்டும்? துணி காயப்போடும் கொடியைப் பார்த்தேன், கரையோர நாணலைப் பார்த்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே படகு மூக்கைத் திருப்புகிறது. இதைச் சொன்னால் "திரும்பி வர்றப்ப நானே அதிகமா வலப்பக்கம் வெட்டியிருப்பேன்" என்றார். ஆகவே வேறு வழியில்லாமல் நானே படகில் ஏறினேன்.

அண்ணி, எனக்கு வியந்துபோகிற சுபாவம் கிடையாது. மலை உச்சிக்குக் கூட்டிப் போனால் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறை எங்கே என்று கேட்கிறவள். ஆனால் அந்தத் தொட்டியில் உட்கார்ந்து கரையை விட்டு நகர்ந்தபோது, தண்ணீர் எனக்குக் கீழே இல்லாமல் பக்கத்தில், கை வைக்கிற உயரத்தில், என்னோடு சமமாக உட்கார்ந்திருந்தது. அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரியாத ஒரு பெரிய உடம்பு லேசாக மூச்சு விடுவது போலப் படகு ஏறி இறங்கியது. நான் துடுப்பை மறந்துவிட்டேன். கரையிலிருந்து "தூரத்துல பாரு! படகு மூக்கைப் பாக்காதே, போக வேண்டிய இடத்தைப் பாரு! தோளை இறுக்காதே!" என்று ஒரு குரல். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த குரல். நான் இறுக்கினேன், தளர்த்தினேன், சாய்ந்த மரங்களையே பார்த்தேன்; படகு என்னவோ, யாரோ தாடையைப் பிடித்துத் திருப்புவது போல, மெதுவாக, மரியாதையாக, இடப்பக்கம் திரும்பியது. என் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன. திரும்பி வந்தேன், வலப்பக்கம் திரும்பியது. கரையில் உங்கள் தம்பி படகின் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டினார். "உனக்கும் போகுதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்று நாற்காலிக்குப் போகவில்லை.

அதற்கு மருந்து சுக்கான், அதாவது படகின் வாலில் மாட்டிக் காலால் திருப்புகிற தகடு, என்று படித்தோம். அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஏரியில் தினமும் மீன் பிடிக்கிற பல் டாக்டர் ஒருவர் உண்டு. மூன்று கயாக் வைத்திருக்கிறார், எல்லாவற்றையும் பற்றி ஒரு கருத்தும் வைத்திருக்கிறார். "சுக்கானா? துடுப்புப் போடத் தெரியாதவன் வெக்கிறது மேடம். இடுப்பைச் சாய்ச்சா படகு தானா திரும்பும்" என்றார். அவர் இடுப்புக்குத் திரும்பும், ஏனென்றால் அவர் படகுகள் மெலிந்து ஊசி போல இருக்கும். எங்களுடையது அகலம். அதில் இடுப்பைச் சாய்த்தால் இடுப்புதான் சாய்கிறது. கடைக்காரர் வேறு ஒரு குழப்பத்தைக் கிளப்பினார். சுக்கான் வேண்டாம், படகின் வயிற்றுக்கடியில் அசையாமல் நேராக நிற்கிற ஒரு தகடு போதும், அது படகை நேராகப் போக வைக்கும், விலையும் குறைவு என்றார். "திரும்பணும்னா?" என்றேன். "அது திரும்பாதுங்க, நேராப் போகத்தான்" என்றார். வாழ்க்கையில் அப்படியும் சிலர் இருக்கிறார்கள். படகுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிறகு சுக்கானைத் திருப்புகிற கால் பெடல். ஒரு வகையில் கால் வைக்கிற கட்டை முழுவதும் முன்னும் பின்னும் வழுக்கும். இன்னொன்றில் கட்டை அசையாமல் நிற்கும், கால்விரல் அழுத்துகிற மேல் பாதி மட்டும் சாயும். உங்கள் தம்பி இரண்டிலும் கால் வைத்துப் பார்த்தார். வழுக்குகிற வகையில் துடுப்பை வலித்து இழுக்கும்போது காலுக்குப் பிடிமானமே இருக்காதாம், "கிளட்ச்சு மேலயே கால வெச்சு ஓட்டுற மாதிரி. நான் இதுக்காக எத்தன பேரத் திட்டியிருக்கேன்" என்றார். விரல் பெடல்தான் என்று தீர்மானமானது. கடையில் அவர் பேசிய பேச்சைக் கேட்டு நான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டேன். தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்து மாட்டி முதல்நாள் இறக்கினால் எதுவும் நடக்கவில்லை. வலது காலை அழுத்தினார், இடது காலை அழுத்தினார், படகு தன் பாட்டுக்குக் காற்றுப் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பார்த்தால், எங்கள் படகின் வால் வாத்து வால் மாதிரி மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, நாங்கள் வாங்கிய தகடு குட்டை, அது தண்ணீரைத் தொடவே இல்லை. காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. "விசிறி நல்லா இருக்கு சார், வெயிலுக்கு இதமா இருக்கும்" என்று பல் டாக்டர் படகிலிருந்தபடியே சொன்னார். தகட்டைக் கொண்டுபோய் மாற்றி நீளமானதாக வாங்கி வந்தோம். மாட்டும்போது பெடலிலிருந்து சுக்கானுக்குப் போகிற கேபிள்களையும் புதிதாக இழுக்க வேண்டியதாயிற்று. இங்கே ஒரு சந்தேகம் வந்தது. உங்கள் தம்பி எழுந்து நின்று யோசித்தார். "இரு இரு. சுக்கான் பின்னால இருக்கு. பின்னால இருந்து திருப்புறதுன்னா ரிவர்ஸ் மாதிரி. ரிவர்ஸ்ல வால் ஒரு பக்கம் போனா மூக்கு எதிர்ப்பக்கம் போகும். அப்ப கேபிளைக் குறுக்கா மாத்திப் போட்டாத்தான் சரியா வரும்." எனக்கு மிக நியாயமாகப் பட்டது. நான் ஒரு தாளில் அம்புக்குறிகள் போட்டு அதை நிரூபித்தும் காட்டினேன். பட்டம் வாங்கியவள் போட்ட அம்புக்குறி. இருவரும் கைகுலுக்காத குறைதான். வலது பெடலின் கேபிளை இடப்பக்கமும் இடது பெடலின் கேபிளை வலப்பக்கமும் பூட்டிவிட்டோம்.

அதன் பலன் மறுநாள் தெரிந்தது. முதலில், சுக்கானைத் தூக்கிக் கட்டாமலே படகைத் தள்ளிவிட்டதில் தகடு சேற்றில் குத்தி நின்றுகொண்டது. நான் முழங்கால் சேற்றில் இறங்கிப் பிடுங்கினேன். பிறகு ஒரு வழியாக மிதந்தது. எதிரே இடப்பக்கமாகக் கொஞ்ச தூரத்தில் பல் டாக்டர் நாலு தூண்டிலைப் பரப்பிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரை விட்டு விலகுவதற்காக உங்கள் தம்பி வலது காலை அழுத்தினார். படகு இடப்பக்கம், நேராக அவரை நோக்கித் திரும்பியது. இன்னும் அழுத்தினார். இன்னும் திரும்பியது. "சார், இந்தப் பக்கம் வராதீங்க, லைன் கெடக்கு!" "வரலைங்க, நான் அந்தப் பக்கம் போறேன்!" "இங்கதான் சார் வர்றீங்க!" "வலதுதான் அழுத்துறேன்!" "அழுத்தாதீங்க சார்!" அந்த நேரத்தில் கரையிலிருந்து "பிரேக் போடுங்க, பிரேக்!" என்று கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். அவரும் இத்தனை வருஷப் பழக்கத்தில் இரண்டு காலையும் சேர்த்து ஓங்கி அழுத்தினார். இரண்டு காலையும் சேர்த்து அழுத்தினால் சுக்கான் நடுவில் நின்றுவிடும். படகு அம்பு மாதிரி நேராகப் போய் நாலு தூண்டில் கயிற்றையும் அள்ளிக்கொண்டு டாக்டரின் படகைத் தொட்டு நின்றது. பிறகு உங்கள் தம்பி, பயிற்சிக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே அமைதியான குரலில், "பயப்படாதீங்க, இஞ்சினை ஆஃப் பண்ணுங்க" என்றார். டாக்டர் முதலில் சிரித்தார். உங்கள் தம்பி பிறகு சிரித்தார். கயிற்றுச் சிக்கலை அவிழ்க்கப் பகல் முழுவதும் ஆயிற்று, சிரிப்பும் அவ்வளவு நேரம் ஓடியது. கரையில் சேற்றுக் காலோடு நின்ற எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கேபிளை நேராக மாற்றிப் பூட்டினோம். நேற்று நல்ல காற்று, ஏரி முழுவதும் சின்னச் சின்ன மடிப்பாக ஓடிக்கொண்டிருந்தது. கரையைவிட்டுத் துடுப்பை நாலு தடவை வலித்த பிறகு கயிற்றை இழுத்து அவர் சுக்கானை இறக்கினார். வலது காலை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டார். அண்ணி, அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படகு நேராகப் போனது. அவ்வளவுதான் நடந்தது. இடப்பக்கமிருந்து அவ்வளவு காற்று தள்ளுகிறது, தண்ணீர் முழுவதும் ஒரு பக்கமாக ஓடுகிறது, ஒரு புத்தக அட்டை அளவுகூட இல்லாத தகடு பின்னால் தண்ணீருக்குள் நிற்கிறது, அவர் கால்விரல் நுனியால் அதற்கு ஏதோ சொல்கிறார், அந்தப் பெரிய தொட்டி அத்தனை காற்றுக்கும் பதில் சொல்லாமல் சாய்ந்த மரங்களை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும்; இப்போது சரியான அம்புக்குறியே போடுவேன். தெரிந்தும் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். என் பக்கத்தில் படகை இறக்க வந்த பல் டாக்டர், "ம்ம், போகுது" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. சுக்கானைப் பற்றியா, உங்கள் தம்பியைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை. நான் உங்கள் தம்பியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் கூனிக் கிடந்த முதுகு.

ஆகவே நிரூபணமாகிவிட்டது: படகை இழுத்தது காற்று, காற்று மட்டும்தான். கண்ணுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை அவரிடமும் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டேன், அவரும் "சரி" என்று கேட்டுக்கொண்டார். உங்கள் நண்பருக்குச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்திவிடுங்கள். படகு விற்பனைக்கு இல்லை. அவர் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் நான் கரையிலேயே நிற்பேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். மழை வந்தாலும் குடையோடு நிற்பேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, அவர்கள் போகிற காரியமெல்லாம் கைகூடட்டும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள தம்பி மனைவி

பி.கு.: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. மேலே எழுதிய நிரூபணத்தை அடித்துவிடுங்கள்.

இன்று காலை ஏரியில் காற்றே இல்லை. அந்தக் கரையில் யாரோ சருகு எரித்த புகை நூல் பிடித்தாற்போல மேலே போயிற்று. காற்றில்லாத நாளில் சுக்கான் எதற்கு என்று உங்கள் தம்பி அதைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். படகு இடப்பக்கம் திரும்பியது. நேராக்கினார். மறுபடியும் இடப்பக்கம். கொஞ்ச தூரத்திலிருந்து திரும்பி வந்தார், வரும்போதும் இடப்பக்கம். பழி போட ஒரு இலைகூட அசையவில்லை. அவர் கரையை நெருங்குவதற்குள் நான் மனதுக்குள் ஆறேழு சமாதானம் தயார் செய்தேன். தண்ணீரில் அடியோட்டம் இருக்கலாம், சீட் சாய்ந்திருக்கலாம், துடுப்பின் ஒரு முனை வளைந்திருக்கலாம். ஒன்றையும் சொல்ல விடவில்லை.

"காத்து இல்லம்மா. கண்ணுதான்" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயில் கண் டாக்டரைப் பார்த்த நாளுக்குப் பிறகு இன்றுதான் கேட்கிறேன். ஏதோ வண்டியில் பஞ்சர் என்பது போலச் சொன்னார். "அன்னிக்கு உனக்குப் போனது காத்து. இன்னிக்கு எனக்குப் போறது கண்ணு. ரெண்டும் இருந்திருக்கு." பிறகு படகைத் திருப்பி, கயிற்றை இழுத்துச் சுக்கானை இறக்கினார். "இதுக்கு எதுனாலன்னு சொல்ல வேண்டியதில்ல போல. எதுனால இழுத்தாலும் நேராக்குது" என்றார். துடுப்பை வலிக்க ஆரம்பித்தார். நாலைந்து முறை வலித்ததும் ஒரு தடவை தலையை முழுசாக இடப்பக்கம் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டார். படகு நேராகப் போனது.

கொஞ்ச தூரம் போனவர் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தார். "நீ எதுக்கு அங்கயே நிக்கிறே? வீட்டுக்குப் போ. வேலை இருக்கும்ல."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மத்தியானம் சொன்ன நேரத்துக்குப் பிந்தித்தான் வந்தார். மீன் ஒன்றும் இல்லை. சாய்ந்த மரங்களுக்கு அடியில் தண்ணீர் என்ன நிறம், அங்கே என்னென்ன பறவை உட்கார்ந்திருக்கிறது, பல் டாக்டர் எந்தெந்த விஷயத்தில் தப்பு என்று, தட்டில் போட்ட சோறு ஆறிப்போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.